அம்மாவின் சட்டி

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் வல்லத்தில், சித்திரை வெயிலில் நாய்கூட நிழல் மாற்றி மாற்றித்தான் படுக்கும். அந்த வெயிலுக்கு அம்மாவிடம் ஒரே மருந்து, மண்சட்டியில் பழைய சோறு. எனக்கோ அது கௌரவக் குறைச்சல். ஃப்ரிட்ஜ் வந்த அன்றே சட்டியைத் தோட்டத்துக்குக் கடத்தினேன். அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை.

போன வருஷம் காய்ச்சல். பத்து நாள் ஆன்டிபயாடிக். காய்ச்சல் போயிற்று, கூடவே வயிறும் போயிற்று! பஸ் ஏறினால் செஞ்சி வருவதற்குள் இரண்டு இடத்தில் இறங்க வேண்டிய நிலை. ஆறு கிலோ குறைந்து, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ராத்திரியில் பயமாகவே இருந்தது.

"கெட்ட கிருமியோட நல்லதும் சேர்ந்து செத்திருக்கும் சார். மோர் குடிங்க. வீட்ல பழையது உண்டா?" என்றார் டாக்டர். ஃபீஸ் வாங்கிக்கொண்டு அம்மாவின் வசனத்தையே பேசுகிறார்!

பிறகுதான் படித்துப் பார்த்தேன். சோறு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. அந்தப் புளிப்பு அதன் வேலைதான். புளிப்பு ஏற ஏற, கெட்ட கிருமிகள் பலவற்றுக்கு அங்கே பிழைப்பு நடக்காது. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் கொஞ்சம், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. பதிலுக்கு அவை ப்யூட்டிரேட் என்று ஒரு அமிலம் தருகின்றன. பெருங்குடலின் உள்சுவர் பெரும்பாலும் அதைத் தின்றுதான் வாழ்கிறதாம். ஒழுங்காக வாடகை கொடுக்கிற குடித்தனக்காரர்கள்!

1908-ல் நோபல் பரிசு வாங்கிய மெச்னிகாஃப், புளித்த பால் ஆயுசைக் கூட்டும் என்று நம்பித் தானும் குடித்தார். நம்ம சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 2021 வாக்கில் பழைய சோற்றையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காக மிஞ்சின சோறெல்லாம் அமிர்தம் இல்லை. அப்படியே வெளியில் கிடந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு வில்லன் வளர்வான். அவன் கக்கும் விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அம்மாவுக்கு அவன் பெயர் தெரியாது. ஆனால் ஆறினதும் தண்ணீர் ஊற்றி மூடுவாள், காலையிலேயே தீர்த்துவிடுவாள்.

டாக்டரிடமிருந்து திரும்பியதும் மெதுவாகக் கேட்டேன். "அம்மா, அந்தச் சட்டி எங்கே?"

"கோழி தண்ணி குடிக்குது. அதுங்ககிட்ட கேட்டு வாங்கிக்கோ."

செஞ்சிக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கி வந்தேன். மூன்று வாரத்தில் வயிறு அடங்கியது. பழையதாலா, நாள் ஆனதாலா... சத்தியமாகத் தெரியாது. அம்மாவிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லவில்லை. நேற்றுக்கூட வெங்காயத்தை நசுக்கி வைத்துவிட்டு, "ஐஸ் பொட்டி சௌக்கியமாடா?" என்றாள்.