மாப்பிள்ளையின் காரும் ஒரு ரப்பர் குழாயும்

காரைப் பற்றி நான் எழுதுவதைப் பார்த்தால் பழைய ஆபீஸ் நண்பர்கள் சிரிப்பார்கள். என் வாழ்நாளில் நான் சொந்தமாக ஓட்டியது ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு டிவிஎஸ் 50. அவ்வளவுதான்.

போன கோடையில் துலூஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை" என்பதற்கு மேல் எங்கள் பேச்சு வளர்ந்ததில்லை. அவருடைய செல்லம் 1990-ம் வருஷத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரையை மடிக்கலாம். முகப்பு விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும்.

"நிக்கும்போது இன்ஜின் நடுங்குது, மிதிச்சா இழுவை இல்ல. ஏர் இன்டேக்கை மாத்தப் போறேன்" என்றார். "இதுக்கும் ஒரு செலவா?" என்று மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

குமாஸ்தா புத்தி போகுமா? "மூணு கொட்டேஷன் எடுங்க மாப்பிள்ளை, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுடலாம்" என்றேன். சிரித்துவிட்டார்.

முதலாவது, பானெட்டுக்குள் திறந்தபடி இருக்கும் கூம்பு ஃபில்டர். சத்தம் நன்றாக உறுமும். ஆனால் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கும். 20 டிகிரி காற்றைவிட 50 டிகிரி காற்று ஏறக்குறைய 9 சதவீதம் அடர்த்தி குறைவு. காற்று மெலிந்தால் பலமும் குறையும். இரண்டாவது, அதே கூம்புக்கு வெப்பத் தடுப்பும், முன்பக்கக் குளிர்காற்றுக்குத் தனிக் குழாயும். விலை அதிகம். மூன்றாவது, கம்பெனிப் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கழுவி எண்ணெய் பூசும் பருத்தி ஃபில்டரை மட்டும் உள்ளே போடுவது. விலை குறைவு.

பிறகு பிரெஞ்சு ரிப்பேர் புத்தகத்தைப் புரட்டினேன். ஓர் இடத்தில் 'வொலே' என்றிருந்தது. எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுத் தெரு வீடுகளின் மரச் சன்னல் கதவுக்கு அதுதான் பெயர்! ஃபில்டருக்கு அடுத்து ஒரு சிறு கதவு. காற்று அதைத் தள்ளித் திறக்கும் அளவை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் என்று கணக்கு. எந்த ஃபில்டர் போட்டாலும் காற்று அந்தக் கதவு வழியாகத்தான் நெருக்கியடித்துப் போகவேண்டும். கதவுக்கு அப்பால் ஓட்டை இருந்தால், அதில் நுழையும் காற்று கணக்கிலேயே வராது.

கணக்கில் வராத வரவு என்றால் எனக்குப் பொறுக்காதே! "வொலேவுக்கு அந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்றேன். பானெட்டைத் திறந்தோம். இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயை அவர் முறுக்கிப் பார்த்தபோது, மடிப்புக்குள் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். 1985-ல், வேகம் வரும் என்று டிவிஎஸ் 50-யின் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்தேன். சில மாதத்தில் தூசி போய் சிலிண்டர் கீறிப்போய், ரீபோர் செய்ய வேண்டியதாயிற்று. மனைவியிடம் "பழைய வண்டி, தேய்ஞ்சுபோச்சு" என்று பொய் சொன்னேன். பள்ளிக்கூடப் பணம் தாமதமானது அதனால்தான். மாப்பிள்ளை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அத்தைக்கு இன்னும் தெரியாதா?" என்றார்.

"இன்னைக்குச் சொல்லிடறேன்" என்றேன். சொன்னேன். "அப்பவே தெரியும்" என்றாள் அவள்.

புதுக் குழாயும் மூன்றாவது கொட்டேஷனும் போட்டதும் நடுக்கம் நின்றது. கூம்பு ஃபில்டர் எண்ணத்தை மாப்பிள்ளை விட்டுவிட்டார். மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதி மகளிடம் நீட்டினார். அவள் அதைப் படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்" என்றாள். காரில் இரண்டே இடம். நாங்கள் வாசலில் நின்றோம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முதலில் மாப்பிள்ளைதான் பேசுகிறார்.