கலத்தின் முற்றம்

என் அண்ணர் கணித ஆசிரியர். அவரது கரும்பலகை எழுத்து எங்கள் ஊரிற் பெயர்பெற்றது. இருபத்தேழாவது வயதில் அவ்வெழுத்துச் சிறுத்துவரத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் இருந்த அளவு முடிவில் இருப்பதில்லை. பின்னர் நடக்கையில் வலப்பாதம் உள்நோக்கித் திருகியது. அதன் பின்னரே கை நடுங்கியது. உறவினருட் சிலர் செய்வினை என்றனர். சிலர் அளவுக்கு மீறிய படிப்பு என்றனர். நித்திரை விட்டெழுந்த முதல் ஒரு மணிநேரம் அண்ணரின் கை ஏறக்குறைய அமைதியாக இருப்பதை அம்மாதான் முதலிற் கவனித்தார்.

இதைக் கேட்டதும் நரம்பியல் மருத்துவர் பேனையைக் கீழே வைத்தார். இளவயதிலே தோன்றும் பரம்பரைப் பாக்கின்சன் நோயில் நித்திரைக்குப் பின் இத்தகைய தணிவு காணப்படுவதுண்டு என்றார். சோதனை அவரது ஐயத்தை உறுதிசெய்தது. ‘பாக்கின்’ என்னும் பரம்பரையலகின் இரு பிரதிகளிலும் ஒரே துண்டு இல்லாதிருந்தது.

உயிரியல் மாணவனாகிய நான் அன்றிரவே நூல்களைத் தேடினேன். யேம்சு பாக்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் 1817இல் விவரித்த இந்நோய், பெரும்பாலும் முதுமையிலே, பரம்பரைத் தொடர்பு தெளிவாக இன்றியே வருவது. நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியில் டோபமைனைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் அழிவதால் அசைவு தடைப்படுகிறது. ஆயின் 1998இல் யப்பானிய ஆய்வாளர், இளவயதினரைத் தாக்கும் ஒரு வகைக்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டு அதற்குப் பாக்கின் எனப் பெயரிட்டனர். 2004இல் ‘பிங்க்-1’ என்னும் இன்னொன்று அறியப்பட்டது. 2006இல் பழ ஈக்களில் நிகழ்ந்த ஆய்வுகள் இவ்விரண்டும் ஒரே பணியின் இரு படிகள் எனக் காட்டின. பிங்க்-1 இல்லாத ஈயின் தசைக் கேட்டை மிகையான பாக்கின் சீர்செய்தது. பாக்கின் இல்லாத ஈயின் கேட்டை மிகையான பிங்க்-1 சீர்செய்யவில்லை. எனவே முன்னது பிங்க்-1, பின்னது பாக்கின்.

அப்பணி யாது? எங்கள் வீட்டு முற்றத்தைக் கொண்டே அதை நான் விளங்கிக்கொண்டேன். அம்மா நாள்தோறும் விடியலில் முற்றத்தைக் கூட்டுவார்; சருகுகளை ஒதுக்கி வாழைப் பாத்தியிற் புதைப்பார். சருகு மண்ணாகும்; மண் குலையாகும். கலமும் இவ்வாறே தன் கழிவைத் தானே உண்டு, சிதைந்த பொருளை மீண்டும் பயன்படுத்துகிறது. இலைசோசோமைக் கண்டறிந்த கிறித்தியன் டி டூவ் 1963இல் இந்நிகழ்வுக்குத் ‘தன்னையுண்ணல்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். மதுவக் கலங்களில் இதன் பொறிமுறையை விளக்கிய யொசினோரி ஒசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

கலத்துக்குச் சத்தி வழங்கும் இழைமணிகள் பழுதடைந்தால் நச்சுத்தன்மை மிக்க ஒட்சிசன் விளைபொருள்களைக் கசியவிடும். நலமான இழைமணியினுள் பிங்க்-1 இழுத்துச் செல்லப்பட்டு அழிக்கப்படும். இழைமணியின் மென்சவ்வு தன் மின்னழுத்தத்தை இழந்தாலோ பிங்க்-1 உட்புகமுடியாது வெளிப்புறத்தே குவியும். அவ்வாறு குவிந்தது பாக்கினை அழைத்துச் செயற்படுத்தும். பாக்கின், அகற்றவேண்டிய பொருள் இது என்பதற்கு அடையாளமாக, யுபிகுயிற்றின் என்னும் சிறு புரதத்தை அவ்விழைமணியின் மேல் ஒட்டும். பின்னர் ஒரு மென்சவ்வு அதனைச் சூழ்ந்து பொதிந்து இலைசோசோமிடம் சேர்க்கும். பாக்கின் பழுதுற்ற இழைமணிகளை நாடிச் செல்வதை 2008இல் அமெரிக்க ஆய்வாளர் கலவளர்ப்பிற் கண்டனர். மனித மூளையில் இச்செயலின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படுகிறது. பாக்கின் நீக்கப்பட்ட எலிகள் மனிதரைப்போல் நோயுறவில்லை. எனினும் கருநிறப் பகுதியின் கலங்கள் மிக நீண்டு கிளைத்தவை. ஓயாது சத்தியை வேண்டுபவை. பிரிந்து புதியவை தோன்றாதவை. கூட்டாத முற்றத்தின் கேடு அங்கே முதலில் தெரிவது வியப்பன்று.

இவற்றை அம்மாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றே: “அப்ப, நானும் அப்பாவும் மச்சான் மச்சாளாய் முடிச்சதுதான் பிழையோ?”

அக்கேள்விக்கு எந்த நூலும் என்னைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. பின்னிடைவான விகாரங்கள் சிலவற்றை மனிதர் யாவரும் நோயின்றிக் காவுகின்றனர். ஒரே மூதாதையின் வழிவந்த இருவர் மணந்தால் அவை குழந்தையிடம் இணையும் வாய்ப்புக் கூடும். உண்மை இதுவே. இதிற் குற்றவாளி எவருமில்லை என்றேன். அம்மா மறுமொழி கூறவில்லை. ஏனெனில், அவரது தம்பியின் மகளை எனக்குப் பேசிவைத்திருந்தார்கள்.

மறுநாள் அதிகாலை, கை அமைதியாக இருக்கும் அந்த ஒரு மணிநேரத்தில், அண்ணர் என்னை அழைத்துத் தாளொன்றை விரித்தார். “கணக்கைச் செய்துபார்ப்பம்” என்றார். பெற்றோர் இருவரும் காவிகளாதலால், எனக்கு இரு பழுதான பிரதிகளும் கிடைத்திருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒன்று மட்டும் கிடைத்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அண்ணருக்கு நோய் தொடங்கிய வயதை நான் இன்னும் எட்டவில்லை. அம்மா காவியாதலால் மாமாவும் காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மச்சாளுக்கு நாலில் ஒன்று. எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நோய்க்குரிய இரு பிரதிகளும் சேரும் வாய்ப்புப் பதினாறில் ஒன்று. அதை எழுதியபின் அண்ணர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு கூறினார்: “நீ சோதிக்கலாம், சோதிக்காமல் விடலாம்; அது உன்ரை விருப்பம். ஆனா இந்தக் கணக்கிலை அவளும் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் நீ முடிவெடுக்கேலாது.”

அன்று மாலை மாமா வீட்டுக்குச் சென்றேன். மச்சாளிடம் அனைத்தையும் கூறினேன். அவள் தாளை வாங்கி இருமுறை வாசித்தாள். “இரண்டு பேருமாய்ச் சோதிப்பம். அதுக்குப் பிறகு பேசுவம்” என்றாள்.

அடுத்த மாதம் குருதி கொடுக்கவிருக்கிறோம். அண்ணரின் அழிந்த கலங்களை மீட்கும் மருந்து இன்றில்லை. லெவோடோபா குறைந்த டோபமைனை ஈடுசெய்கிறது, அவ்வளவே. அவர் நாள்தோறும் நடக்கிறார். காலை முதற் பாடத்தையே கேட்டுப் பெற்றுக் கற்பிக்கிறார். அவர் கணக்கெழுதிய தாள் என் மேசையில் இருக்கிறது. அதில் எழுத்துக்கள் முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை ஒரே அளவாகவே உள்ளன.