டானி ரோஸ் சொன்ன பெயர்

போன கார்த்திகை மழைக்குள்ள ஒரு இரவு, எழுத வேண்டிய அசைன்மென்ட்டைத் தள்ளிப்போடுறதுக்காக ஒரு பழைய படத்தைப் போட்டன். 'ப்ரோட்வே டானி ரோஸ்'. 1984 இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். வூடி அலன் எழுதி, இயக்கி, அவரே நடிச்சும் இருக்கிறார். கொஞ்சம் சிரிச்சிட்டுப் படுப்பம் எண்டுதான் நினைச்சனான். சிரிச்சனான்தான். ஆனால் அண்டைக்கு நித்திரை வரேல்லை.

டானி ரோஸ் நியூயோர்க்கில் இருக்கும் ஒரு மனேஜர். கலைஞர்களுக்கு மேடை பிடித்துக் கொடுப்பதுதான் தொழில். அவரிடம் இருப்பதெல்லாம் வேறு யாரும் எடுக்காத ஆட்கள்: கண் தெரியாத சைலபோன் வாசிப்பாளர், ஒற்றைக்கால் டப் நடனக்காரர், ஒற்றைக் கையால் பந்து வீசி விளையாட்டுக் காட்டுபவர், தண்ணி ஊத்தின கிளாஸுகளில் இசை வாசிக்கும் பெண், பலூனை மடித்து உருவம் செய்யும் தம்பதி. டானி இவர்களை உலகத்தின் பெரிய நட்சத்திரங்கள் எண்டு உண்மையாகவே நம்புகிறார். மேடை ஏறமுதல் கண்ணாடியைப் பார்த்துத் தன்னம்பிக்கையாக என்ன சொல்ல வேண்டும் எண்டும் சொல்லிக் குடுக்கிறார். இவர்களில் யாராவது பேர் எடுத்தால், அடுத்த நாளே பெரிய மனேஜரிடம் போய்விடுவார்கள்.

இந்தக் கதையை டானி சொல்வதில்லை. மன்ஹாட்டனில் கார்னகி டெலி என்ற சாப்பாட்டுக் கடையில் பழைய நகைச்சுவைக் கலைஞர்கள் சிலர் மேசையைச் சுற்றி இருந்து, டானியைப் பற்றித் தங்களுக்குத் தெரிஞ்ச கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் நிஜமான கலைஞர்கள், தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். அந்த மேசையில் இருக்கிற ஜக் ரோலின்ஸ், நிஜத்தில் வூடி அலனின் மனேஜராக இருந்தவர். அதனால்தானோ என்னவோ, அவர்களின் பகிடிக்குள்ள ஒரு பாசம் தெரியுது.

கதை இதுதான். லூ கனோவா என்ற பாடகர் ஒரு காலத்தில் பேர் எடுத்து, பிறகு மங்கிப்போனவர். டானி அவரைத் திருப்பி மேலே கொண்டுவருகிறார். மில்ட்டன் பேர்ள் என்ற பெரிய ரிவி நட்சத்திரம் லூவின் பாட்டைக் கேட்க வரப்போகிறார். ஆனால் டீனா என்ற காதலி முன்னுக்கு இல்லாட்டி லூவால் பாடேலாது. லூவோ கலியாணம் கட்டினவர். ஆகவே டீனாவைத் தன்னோடு வந்த ஆள் மாதிரிக் கூட்டிவர டானி போகிறார். டீனாவாக மியா ஃபரோ. கிட்டத்தட்ட படம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியோடுதான் வருகிறார். டீனாவின் பழைய காதலனின் அண்ணன் தம்பிமார் மாஃபியாக்காரர். தம்பியின் மனசை உடைச்சவன் டானிதான் எண்டு நினைத்துத் துவக்கோடு துரத்துகிறார்கள். ஊர்வலத்துக்குச் செய்த பெரிய உருவங்கள் வைச்சிருக்கிற கொட்டில் ஒண்டுக்குள்ள சுடும்போது ஹீலியம் வாயு கசிஞ்சு, சுடுறவனும் ஓடுறவனும் குஞ்சுக் குரலில் கத்துவார்கள். அந்த இடத்தில் பக்கத்து அறைப் பெடியனே எழும்பி வந்திட்டான், நான் சிரிச்ச சத்தத்துக்கு.

ஆனால் அதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன இடம் இருக்கு. பிடிபட்ட டானியிடம், "டீனாவின் காதலன் ஆர்?" எண்டு கேட்கிறார்கள். லூவைக் காட்டிக்கொடுக்க டானிக்கு மனமில்லை. யோசித்துவிட்டு பார்னி டன் என்று ஒரு பெயரைச் சொல்கிறார். பார்னி, பேச்சுத் திக்கும் பொம்மைக் குரல் கலைஞர். அவர் கப்பல் பயணம் ஒன்றில் வேலை செய்யப் போய்விட்டார், அவருக்கு ஒண்டும் நடக்காது எண்டு டானி நினைக்கிறார். ஆனால் பார்னி போகவில்லை, ஊரிலேயேதான் இருந்திருக்கிறார்.

நான் படத்தை நிப்பாட்டினது அந்த இடத்திலதான்.

எங்கட பீடத்தில் ஒருமுறை கலைவாரம் நடந்தது. மேடை நிகழ்ச்சிக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு ஒரு வருசம் கீழே படித்த மன்னார்ப் பெடியன் ஒருவன், பஸ்ஸின் சத்தங்களை வாயாலேயே செய்வான். ஸ்டார்ட் எடுக்கிறது, கியர் மாத்துறது, கொண்டக்டர் தட்டுறது, மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிப்பாட்டுறது எல்லாம். "உதெல்லாம் ஒரு நிகழ்ச்சியோ?" எண்டு குழுவில் சிரித்தார்கள். நான் விடேல்லை. கடைசி நிகழ்ச்சியாகப் போட்டன். மண்டபமே எழும்பி நிண்டு கை தட்டினது. அண்டைக்கு நானும் ஒரு டானி ரோஸ்தான்.

அண்டிரவு வாடகைக்கு எடுத்த கோட்லெஸ் மைக் ஒண்டு காணாமல் போனது. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தது நான். மேடைக்குப் பின்னால் படிக்கட்டுச் சுவரில் வைத்துவிட்டு ஆரோ கூப்பிட்டதுக்குப் போனனான். அடுத்த நாள் பொறுப்பான விரிவுரையாளர், "மைக் கடைசியா ஆரிட்ட இருந்தது?" எண்டு கேட்டார். கடைசி நிகழ்ச்சி அவனுடையது. அவன் இரவு பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டான், வர ஒரு கிழமை ஆகும், அதுக்குள்ள இது அடங்கிவிடும் எண்டு நினைத்தன். அவனின் பெயரைச் சொன்னன்.

அடங்கேல்லை. அவனுக்குப் போன் எடுத்தார்கள். 18,000 ரூபா. வீட்டில் கேட்கேலாமல், பின்னேரங்களில் கடை ஒன்றில் நிண்டு உழைச்சுக் கட்டினான். அதுக்குப் பிறகு அவன் எந்த மேடையிலும் ஏறேல்லை. நான் அவனைக் கண்டால் வேற பாதையால் போவன்.

திருப்பி 'பிளே' அழுத்தினன். லூ பேர் எடுத்தவுடன் டானியை விட்டுட்டு வேற மனேஜரிடம் போகிறார். மனசு உடைஞ்சு கார்னகி டெலிக்கு வரும் டானிக்கு, பார்னிக்குச் சரியான அடி எண்டு சேதி கிடைக்கிறது. தன்ர கவலையை அப்படியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். செலவைத் தானே ஏற்கிறார். கடைசியில், நன்றி கூறும் நாளுக்கு அவரின் சின்ன வீட்டில், பெட்டியில் அடைத்த குளிரூட்டின வான்கோழிச் சாப்பாட்டைச் சூடாக்கி எல்லாரும் சாப்பிடும்போது பார்னியும் அங்கே இருக்கிறார்.

பிறர் செய்த பிழையை டானி மன்னிக்கிறது பற்றித்தான் இந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள் கூடுதலாகச் சொல்வார்கள். எனக்குப் பட்டது வேற. நல்லவர் எண்டு நாங்கள் நம்புகிற ஆளும் பயத்தில் ஒரு பாவப்பட்டவரின் பெயரைச் சொல்லுவார். யாரைச் சொன்னால் திருப்பிக் கேட்க ஆளில்லை எண்டு உள்ளுக்குள்ள தெரிஞ்சுதான் அந்தப் பெயர் வாயில் வரும். சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறாரா, வேற பாதையால் போறாரா என்பதில்தான் ஆள் ஆரெண்டு தெரியும்.

அடுத்த நாள் முதலில் விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னன். நல்ல ஏச்சு. பிறகு அவனுக்குப் போன் எடுத்தன்.

"தம்பி, அந்த மைக்..." எண்டு தொடங்க முதலே,

"தெரியும் அண்ணா. நீங்கள் சுவரில வைக்கேக்க நான் கண்டனான்" என்றான்.

"பிறகேன் நீ சொல்லேல்லை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நீங்கள்தானே அண்ணா என்னை மேடையில ஏத்தினது."

மாசம் 3,000 ரூபாப்படி காசைத் திருப்பிக் குடுக்கிறன். முதலில் வேண்டாம் என்றான், பிறகு வாங்கினான். இந்த மாசத்தோடு முடியும். அடுத்த கலைவாரத்துக்கு வருவியோ எண்டு இன்னும் கேட்கேல்லை. காசு முடிஞ்ச பிறகுதான் கேட்க வேணும். அவன் மாட்டன் எண்டு சொன்னால், அதையும் நான்தான் கேட்டுக்கொண்டு நிக்க வேணும்.