சீதனத்தில் சேரும் நிறம்

எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்துசேரும் பெண்கள் சஞ்சிகைகளை ராத்தாவின் மகள் வரிவிடாமல் வாசிப்பாள். ஒரு பக்கத்தில் கறுப்பும் அழகே என்று கட்டுரை; தாளைப் புரட்டினால் சிவப்பழகு கிரீம். (உடல் மெலியும் வழிக்கு அடுத்து நெய்ச்சோறு செய்முறை வருவது தனிக்கதை.)

2020இல், ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொலைக்குப் பின் எழுந்த நிறவெறிக் கண்டனங்களுக்கிடையே, ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்த ‘ஃபெயா’ரைக் கழற்றிவிட்டு ‘குளோ’வை மாட்டிக்கொண்டது. பெண் பார்க்க வருவோரின் கண் மாறவில்லை. “பிள்ளை நல்ல பிள்ளை, நிறந்தான் கொஞ்சம் குறைவு” என்ற மாமியொருவர், சீதனத்தைக் கூட்டிக் கேட்டார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இறையச்சத்தாலன்றி ஏற்றத்தாழ்வில்லை என்ற நபி (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரையை ஜும்ஆவில் கேட்டு உருகும் குடும்பம். பேரனுக்கு பிலால் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை இப்போது கடற்கரைக்கு வருவதில்லை. வெயில் தாழ்ந்த பிறகும்தான்.