துளசிச் செடியில் ஒரு பச்சோந்தி

சென்ற கோடையில் எட்டு வாரங்களுக்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு பச்சோந்தி இருந்தது. இருந்தது என்பதைவிட, அதை நாங்கள் வைத்திருந்தோம் என்று எழுதுவதே நேர்மை. பென்னாகரம் சாலையோரத்தில் வெட்டிச் சாய்க்கப்பட்ட ஒரு புளியமரத்தின் கிளையில் அது பற்றிக்கொண்டிருந்ததாம். மரம் அறுக்க வந்தவர்கள் அதை அடிக்கக் கல்லெடுத்தபோது எங்கள் மகன் கிளையோடு ஒடித்து எடுத்து வந்துவிட்டான். காப்பாற்றிக் கொண்டுவந்த உயிர் என்பதால் அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. மறுநாள் பக்கத்துப் புதரில் விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் அந்த உயிரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்ததெல்லாம் சொல் மட்டும்தான். பச்சை, ஓந்தி என்று பிரித்துக் காட்டுவோம். குறுந்தொகையின் 140ஆம் பாட்டில் வழிச்செல்வோர் நிமித்தமாகக் கொள்ளும் 'ஓதி'யை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். கருக்கரிவாளின் பற்களைப் போன்ற முதுகு என்று அங்கே சொல்லப்படுவதைப் பார்த்தால் அது ஓணானாகவே இருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. கட்சி மாறுகிறவர்களைத் திட்டுவதற்கும் அந்தப் பெயர் பயன்பட்டு வந்திருக்கிறது. அதுவும் பாவம், தவறான பழி. பச்சோந்தி பின்னணிக்கு ஏற்ப நிறம் மாறுவதில்லை. வெப்பம், அச்சம், சினம், துணை நாடல் இவற்றைத்தான் அதன் தோல் சொல்கிறது. தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் ஒளி வேறுவிதமாகத் திரும்புகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலைக் கொண்டு காட்டினார்கள். கொள்கைக்காக நிறம் மாறாத உயிரைக் கொள்கையற்றவர்களுக்கு உவமையாக்கிவிட்டோம்.

ஆனால் உண்மையான பச்சோந்தி ஒன்று கொசுவலை அடித்த பெட்டிக்குள் உட்கார்ந்து, ஒரு கண்ணால் எங்களையும் மறு கண்ணால் கூரையையும் பார்த்தபோது, அதற்கு என்ன போடுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டி தயிர்சோறு வைத்தார். மகன் தக்காளி நறுக்கி வைத்தான். அது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அசையும் பூச்சி மட்டுமே அதன் கண்ணுக்கு உணவு. மூன்றாம் நாள் ஒரு தத்துக்கிளியை உள்ளே விட்டதும் இரண்டு கண்களும் ஒருசேர முன்னால் திரும்பின. பிறகு உடலின் நீளத்துக்கு ஒரு நாக்கு. எங்கள் மகன் கைதட்டினான், நாங்களும் தட்டினோம். உயிர் பிழைத்துவிட்டது என்று நம்பினோம்.

தண்ணீரிலும் அதே அறியாமைதான். கிண்ணத்தில் வைத்த நீரை அது தொடவேயில்லை. ஒரு வாரத்தில் கண்குழிகள் உள்வாங்கின, எச்சத்தின் வெள்ளைப் பகுதி காவி நிறமானது. பாட்டி துளசிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, மீந்த துளிகளைப் பெட்டிக்குள்ளும் விளையாட்டாகத் தெளித்தார். இலையில் தொங்கிய துளியை அது நக்கி நக்கிக் குடித்ததை அன்றுதான் பார்த்தோம். பனியையும் மழைத்துளியையும் இலையிலிருந்து குடிக்கும் உயிர், தேங்கிய நீரை நீரென்றே கண்டுகொள்வதில்லை. அன்றுமுதல் காலையும் மாலையும் இலைகளில் நீர் தெளிப்பது பாட்டியின் வேலையாயிற்று.

உணவுக்குப் பெரிய கவலை இல்லை என்றே நினைத்தோம். பாலக்கோடு பக்கம் உறவினர் ஒருவர் பட்டுப்புழு வளர்க்கிறார். அவர் கழித்துப்போடும் புழுக்களை வாரம் இருமுறை வாங்கி வந்தோம். மெத்தென்ற, நீர்ச்சத்து மிகுந்த புழு. பச்சோந்தி விரும்பித் தின்றது. அதன் வயிறு நிறைந்திருந்தது, உடலும் பருத்தது. எலும்பு மட்டும் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது.

ஆறாம் வாரத்தில் நாக்கு குறி தவறத் தொடங்கியது. கிளையைப் பற்றும் இடுக்கி போன்ற கால்கள் தளர்ந்தன. ஒருநாள் காலை அது பெட்டியின் தரையில் கிடந்தது. முன்னங்கால் ஒன்று முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மூட்டே இல்லாத இடத்தில் வளைந்திருந்தது. பாட்டி குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுவும் நம்ம ஊருத் தண்ணியத்தான் குடிச்சுதா சாமி?"

இந்த மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்காமல் போகலாம். தருமபுரியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதை மீறிய நீரைப் பல்லாண்டுகள் குடித்த தலைமுறையின் பற்களில் காவிக் கோடுகள் உண்டு. சிலருக்கு மூட்டுகள் இறுகி முதுகு நிமிராது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பாட்டியின் எலும்புகள் குடிக்கவேண்டியதைக் குடித்து முடித்திருந்தன. எலும்பு வளைவதற்கு அவர் அறிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர்.

பட்டுப்புழு உறவினரிடம் தொலைபேசியில் சொன்னோம். "சுண்ணாம்புச் சத்துதானே கம்மி? தட்டுல தூவற சுண்ணாம்புத் தூளையே புழு மேல தூவிக் குடுங்க" என்றார். புழுவளர்ப்பில் படுக்கை ஈரம் தங்காமல் இருக்கவும் நோய் பரவாமல் இருக்கவும் நீற்றிய சுண்ணாம்பு தூவுவது வழக்கம். எங்களுக்கு அது மிகவும் அறிவார்ந்த யோசனையாகப் பட்டது. தூவியும் விட்டோம். அதைக் கொடுப்பதற்கு முன், தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது நல்லூழ்தான்.

அவர் முதலில் திட்டினார். "அது வாயைப் பொசுக்கிடும் சார். நீத்துன சுண்ணாம்பு வேற, கால்சியம் கார்பனேட் வேற." பிறகு பெட்டியைப் பார்த்தார், அது வைக்கப்பட்டிருந்த சன்னலைப் பார்த்தார். "வெயில் படற எடத்துலதான வெச்சிருக்கோம்னு நெனச்சீங்களா?" என்றார். அப்படித்தான் நினைத்திருந்தோம். வெயிலின் வெளிச்சமும் சூடும் கண்ணாடியைக் கடந்து வரும், தோலில் டி3 உயிர்ச்சத்தை உண்டாக்கும் புறஊதாக் கதிர் வராது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். அந்த உயிர்ச்சத்து இல்லாவிட்டால் தின்ற கால்சியமும் குடலிலிருந்து ஏறாது.

அவர் விளக்கியது இவ்வளவு. பூச்சிகளுக்கு எலும்பு கிடையாது. அவற்றின் உடலில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. ஊர்வனவற்றின் உணவிலோ பாஸ்பரஸைப் போல் ஏறத்தாழ இருமடங்கு கால்சியம் இருக்கவேண்டும். குறை நேர்ந்தால் இரத்தத்தில் கால்சிய அளவைக் காக்க, உடல் தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். காட்டில் அது பலவகைப் பூச்சிகளைத் தின்கிறது, அந்தப் பூச்சிகள் பலவகை இலைகளைத் தின்றிருக்கின்றன, மேலே முழு வெயில் இருக்கிறது. கூண்டில் இதையெல்லாம் மனிதன் ஈடுசெய்தாக வேண்டும். பூச்சிகளைக் கொடுப்பதற்கு ஒருநாள் முன்பிருந்தே அவற்றுக்கு முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பறங்கித் துண்டு போன்றவற்றைத் தின்னக் கொடுக்கவேண்டும். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் பச்சோந்திக்கு உணவுதான். பாலக்கீரை ஆகாது, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பாஸ்பரஸ் கலவாத கால்சியம் கார்பனேட் பொடியைப் பூச்சியின்மேல் மெல்லியதாகப் படியவிட்டுக் கொடுக்கவேண்டும். டி3, ஏ உயிர்ச்சத்துகள் கலந்த பொடி மாதம் இருமுறை போதும். அன்பின் மிகுதியால் அள்ளித் தூவினால் மென்தசைகளில் கால்சியம் படிந்து அதுவும் கொல்லும். மருந்தடித்த வயலோரத்துத் தத்துக்கிளியும், நோய்ப்பட்டுக் கழித்த புழுவும் வேண்டவே வேண்டாம். நாங்கள் எட்டு வாரங்களாகக் கொடுத்தவை இவ்விரண்டும்தான்.

எழுதி வைத்துக்கொள்ளத் தாளெடுத்தோம். அவர் கையமர்த்தினார். "இதெல்லாம் வெளிநாட்டுல கூண்டுலயே பொறந்து வளர்ற ஏமன் பச்சோந்திக்காரங்க தெரிஞ்சுக்கறது சார். இத வீட்ல வெக்கறதே தப்பு." 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட உயிர் அது. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2022இன் திருத்தத்துக்கும் 2024இன் விதிகளுக்கும் பிறகு, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வளர்ப்பவர்களும் பதிவு செய்தாக வேண்டும் என்றார். ஏட்டில் ஓதியைத் தேடிய எங்களுக்குச் சட்டப் புத்தகத்திலும் அதைத் தேடத் தோன்றியதில்லை.

அன்றே வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். ஆள் வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் மருத்துவர் சொன்னபடி பொடி தடவிய பூச்சியைக் கொடுத்தோம். காலையில் பெட்டியைத் திறந்து துளசிச் செடியில் அதை ஏற்றி, நாற்காலி போட்டுக் காவல் இருந்தோம். வெயில் பட்டதும் அதன் பச்சை கருத்தது. உடலைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தை முழுவதும் சூரியனுக்குக் காட்டியது. சிறிது நேரம் கழித்துத் தள்ளாடித் திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது. எட்டு வாரமும் அது எங்களிடம் கேட்டது இதைத்தான். வளைந்த கை மட்டும் கிளையைப் பற்றாமல் காற்றில் நின்றது.

வந்த வனத்துறை ஊழியர் துளைபோட்ட அட்டைப்பெட்டியில் அதைக் கிளையோடு வைத்தார். எங்கள் மகன் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "இதால மரம் ஏற முடியுமாண்ணா?" அவர் எங்களைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "மூணு கால் நல்லாத்தான இருக்குது தம்பி. கொஞ்ச நாள் வெச்சுப் பாப்பாங்க" என்றார். விட்டார்களா, எந்தக் காட்டில் விட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. கேட்கும் துணிவும் எங்களுக்கு இல்லை.

கால்சியம் பொடி டப்பா பாதி தீராமல் அலமாரியில் இருக்கிறது. பாட்டி இப்போதும் காலையில் துளசிக்குத் தண்ணீர் தெளித்தபிறகு இலைகளின் அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கிறார். குனிவது அவருக்கு எளிதில்லை.