1993ஐ ஒரே மாற்றில் பெரிதாக்குவது எப்படி?

ஆம்பூர் பக்கம் எங்கள் காலனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு கோடிங் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோரின் பெற்றோர் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை செய்பவர்கள். 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு அரசுக் கல்லூரிகளிலும் கோடிங் பேச்சு அதிகமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகளை நேர்காணலில் எந்த இடத்தில் வெளியே தள்ளுகிறார்கள்? ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

ஓர் எண் தரப்படும். அதில் ஏதாவது இரண்டு இலக்கங்களை ஒரே ஒரு முறை இடம் மாற்றலாம். கிடைக்கும் மிகப் பெரிய எண் எது? 2736 என்றால் 2ஐயும் 7ஐயும் மாற்றினால் 7236.

எல்லா ஜோடிகளையும் மாற்றிப் பார்க்கலாம். நான்கு இலக்கத்துக்கு 6 ஜோடி, பத்து இலக்கத்துக்கு 45. ஒரு லட்சம் இலக்கம் இருந்தால் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி. கம்ப்யூட்டரே திணறும்.

சுருக்கு வழி உண்டு. இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். எந்த இலக்கத்துக்கு வலப்பக்கம் அதைவிடப் பெரியது இருக்கிறதோ, அங்கே நில்லுங்கள். வலப்பக்கம் உள்ளதிலேயே பெரியதை அங்கே கொண்டுவாருங்கள். முடிந்தது. 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் கடைசியாக எங்கே வருகிறது என்று முன்னாலேயே குறித்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். கண்ணெதிரே இருக்கும் சிறந்ததை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகும் இந்த வழிக்கு கிரீடி அல்காரிதம் என்று பெயர். தமிழில் பேராசை வழிமுறை.

ஒரு சின்னச் சிக்கல். 1993இல் இரண்டு 9 இருக்கிறது. முதல் 9ஐ எடுத்தால் 9193. கடைசி 9ஐ எடுத்தால் 9913. ஆகவே கடைசியைத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் கீழே இறங்கும் 1 மிகக் குறைந்த மதிப்புள்ள இடத்துக்குப் போகும்.

என் மாணவி ஒருத்தி ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் இதைச் சரியாகவே எழுதினாள். "இது ஏன் சரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். வாய் வரவில்லை. மனப்பாடம் செய்து வந்திருக்கிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேள்வி நியாயமானது. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் அநியாயம்.

அவள் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. "ஒரு தோல்ல அம்மா எதை எங்க வெட்டுவாங்க?" என்று அவளிடம் கேட்டேன். "முதுகுப் பக்கம் கெட்டியா நல்லா இருக்கும் அண்ணா, அதுல ஷூவோட முன்பக்கம் எடுப்பாங்க. வயித்துப் பக்கம் இழுபடும், அதுல நாக்கு மாதிரி உள்ள மறையுறது" என்றாள்.

"முதுகுத் தோலை நாக்குக்குக் கொடுத்துட்டா?"

"ரெண்டையும் மாத்தினா ஷூ நல்லாயிடும்ல!"

நிரூபணம் இதுதான். இதைவிடச் சிறந்த விடை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இரண்டும் முதலில் வேறுபடும் இடத்தைப் பாருங்கள். அங்கே அவருடைய இலக்கம் சிறியதாகத்தான் இருக்கும். ஆயிரத்தின் இடத்தில் ஒன்று குறைந்தால், மீதி மூன்று இடங்களும் சேர்ந்து அதிகபட்சம் 999தான் ஈடுகட்டும். ஆயிரத்தை எட்டாது.

அம்மாவிடம் அவளே கேட்டு வந்த இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு முதல் பீஸை நடுவில் வெட்டினால், மிச்சத்தில் அடுத்த பீஸ் தேறாது. பேராசை எல்லா இடத்திலும் பலிக்காது என்பதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் உதாரணமும் இதுதான்: 1, 3, 4 ரூபாய் நாணயம் மட்டும் இருக்கும் ஊரில் 6 ரூபாய் கொடுக்க, பெரியதை முதலில் எடுத்தால் 4, 1, 1 என்று மூன்று நாணயம். 3, 3 என்றால் இரண்டே போதும்.

நமக்கு இதைப் புரியவைக்கப் பாலாறே போதும். ஒவ்வொரு டேனரியும் தனக்கு அந்த நேரத்தில் மலிவான வழியில் கழிவைத் திறந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் போனது ஆறு. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

தோலைத் தொடும் கைக்குத் தீட்டு என்ற சமூகம், அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும் கணக்கை அறிவாகவே எண்ணவில்லை. நேர்காணல் அறையில் கேட்கும் சிந்தனை நம் தெருவில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அதற்கான பெயரும், அதைச் சொல்லும் பழக்கமும். அதனால் இப்போது எங்கள் வகுப்பில் புரோகிராம் ஓடினால் மட்டும் போதாது. ஏன் சரி என்று முதலில் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு ஆங்கிலத்தில்.

மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் 98368ஐக் கொடுத்துப் பாருங்கள். விடை 98863. விடை வந்ததும் விட்டுவிடாமல், ஏன் என்று கேளுங்கள்.