திருப்பாலைத்துறையின் கூம்புக் கட்டடம்

 

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒரு மாணவர் போட்டோ ஒன்று போட்டிருந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறை சிவன் கோயிலில் எடுத்தது. செங்கல்லில் வட்டமாக எழும்பி, மேலே போகப் போகக் குறுகி, கூம்பாக முடிகிற பெரிய கட்டடம். ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. "டீச்சர், இது எதற்குக் கட்டியது?" என்று கேட்டிருந்தார்.

அதற்கு வந்த பதில்களைப் படித்துச் சிரித்தேன். ராஜா காலத்துச் சிறை என்றார் ஒருவர். வெடிமருந்துக் கிடங்கு என்றார் இன்னொருவர். தஞ்சாவூர் அரண்மனைக்குப் போகும் சுரங்கத்தின் வாசல் என்று ஒரு பதில். நம் பக்கத்தில் எந்தப் பழைய கோயிலுக்குத்தான் சுரங்கக் கதை இல்லை! புதையல் அறை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நெல் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் காவிரிப் பாசனத்தில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள்!

அது நெற்களஞ்சியம். தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600 முதல் 1634 வரையிலான ஆண்டுகளில் கட்டியது. ரகுநாத நாயக்கர் ஆண்ட காலம் அது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

விடையைச் சொல்லிவிட்டேன். ஆனால் விடை தெரியாவிட்டாலும் கட்டடத்தை நன்றாகப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும். வகுப்பில் செய்வதுபோல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் வட்டம்? குவித்த நெல் நான்கு பக்கமும் சுவரைத் தள்ளும். சதுர அறையாக இருந்தால் சுவர் நடுவில் பிதுங்கும், மூலையில் விரிசல் விடும். வட்டச் சுவரில் அந்தப் பாரம் சமமாகப் பரவிவிடும்.

ஏன் கூம்பு? களத்தில் தூற்றிய நெல்லைக் குவித்துப் பாருங்கள். அம்பாரம் தானாகவே கூம்பாக நிற்கும். அந்த அம்பாரத்துக்குச் செங்கல்லில் சட்டை தைத்துப் போட்டதுபோல் இருக்கிறது இந்தக் கட்டடம். ஐப்பசி அடைமழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே தங்காது.

ஜன்னல் ஏன் இல்லை? ஈரக் காற்று உள்ளே போகக்கூடாது. எலியும் குருவியும் போகக்கூடாது. திறப்புகள் மட்டும் வெவ்வேறு உயரங்களில் இருக்கின்றன. மேலே கொட்டி, கீழே எடுத்தால் பழைய நெல் முதலில் செலவாகும், புது நெல் காத்திருக்கும். மளிகைக் கடைக்காரர் இன்றும் அப்படித்தானே பழைய சரக்கை முன்னால் வைக்கிறார்?

3,000 கலம் உண்மையில் கொள்ளுமா? கணக்குப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. உயரமும் அகலமும் ஏறக்குறைய 35 அடி. சுவர் கனத்தைக் கழித்து, உள்ளே ஆரம் 14 அடி, உயரம் 30 அடி என்று வைத்துக்கொள்வோம். கூம்பின் கன அளவு மேல் வகுப்புப் பாடம்தான், ஆனாலும் நினைவிருக்கும். 22/7-ஐ 14 × 14 ஆல் பெருக்கினால் 616. அதை உயரம் 30 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால் 6,160 கன அடி. ஒரு கன அடி நெல் சுமார் 16 கிலோ. ஆக, 98 டன் சொச்சம். நம் பக்கத்து வழக்கில் 2 கலம் ஒரு மூட்டை, ஏறக்குறைய 60 கிலோ. 3,000 கலம் என்றால் 1,500 மூட்டை, 90 டன். கணக்கு பொருந்தி வருகிறது பாருங்கள்!

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 50 கிலோ அரிசி என்றால், வருஷத்துக்கு 900 கிலோ நெல் வேண்டும். அப்படியானால் அந்த ஒரு கட்டடத்தில் நூறு குடும்பத்தின் ஒரு வருஷச் சோறு இருந்தது. அக்காலத்தில் கோயில் நிலத்து நெல்தான் சாமிக்கு நைவேத்தியம், கோயில் வேலை செய்தவர்களுக்குக் கூலி. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளும் இதுபோல் வட்டமான பெரிய களஞ்சியங்களைப் பார்க்கலாம். வடக்கே பாட்னாவில் கோல்கர் என்று ஒன்று இருக்கிறது. 1770 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் 1786-இல் கட்டி முடித்தது. 29 மீட்டர் உயரம். பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகுதான் அதைக் கட்டத் தோன்றியது. திருப்பாலைத்துறைக் களஞ்சியம் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நின்றது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பத்தாயம் இருந்தது, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் மண் குதிர் ஒன்று. விதை நெல்லை அப்பா வைக்கோல் பிரியில் கோட்டை கட்டி, பரணில் ஏற்றிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் குதிர் அடி தெரியும். தை அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். அம்மா அளக்கிற படியில் தலை தட்ட ஆரம்பிப்பாள். ராத்திரிக்குக் கஞ்சிதான். அப்போதும் பரணில் இருக்கிற கோட்டையை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டோம். அது அடுத்த வருஷத்தின் சோறு என்று சின்னப் பிள்ளைகளான எங்களுக்கே தெரியும். வீட்டை இடித்துக் கட்டியபோது பத்தாயத்தின் பலகைகள் விலைக்குப் போயின. குதிர் மண்ணோடு மண்ணாகப் போயிற்று.

இன்று யாரும் படியில் தலை தட்ட வேண்டியதில்லை. ரேஷனில் அரிசி கிடைக்கிறது. அது பெரிய விஷயம், பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அறுத்த நெல் சாலை ஓரத்தில் குவிந்து கிடந்து, மழையில் நனைந்து முளைவிடுகிற படத்தைப் பேப்பரில் பார்க்கும்போது மனசு பதறுகிறது. நானூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே மழைக்கு, நெல் நனையாமல் இருக்க வழி கண்டவர்கள் நம் ஆட்கள்.

பிள்ளைகளே, கும்பகோணம் போகிற வழியில் பத்து நிமிஷம் இறங்கிப் பாருங்கள். உங்கள் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். வட்டத்தையும் கூம்பையும் திறப்பையும் காட்டி, அவர்களே கண்டுபிடிக்கட்டும். யாராவது ஒரு குழந்தை "நெல்லா?" என்று கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

இன்னொரு சின்ன வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுக் குதிர் எந்த மூலையில் இருந்தது, எத்தனை மூட்டை கொள்ளும் என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கே பதிவு போடுங்கள். அத்தைமார்களே, சித்தப்பாமார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்